மகேஷ் என்று போடச் சொன்னவள் நான்

கச்சேரி புக்கிங் எடுக்கப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, "கமிட்டிக்காரங்கள எப்படிக்கா சமாளிச்சீங்க?" என்பதுதான். ஏதோ ரகசியம் வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள்.

பன்னிரண்டு வருடம் மேடையில் டூயட் பாடினேன். தொண்டை ஒத்துழைக்காமல் போன பிறகு, சங்கரன்கோவிலில் தெற்கு ரத வீதிக்குப் பின்னால் என் வீட்டு முன்னறையை ஆபீஸாக்கி, அதே மெல்லிசைக் குழுவுக்குப் புக்கிங் பார்த்தேன். போன வருடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இத்தனை காலத்தில் என்னால் ஒரு கச்சேரிகூடப் பாதியில் நின்றதில்லை. அதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்கும் ஆசைதான். ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டியது வேறு. நன்றாக நடந்து முடிந்த ஒரு கச்சேரியைப் பற்றியது. அன்றைக்கு மைக் மக்கர் பண்ணவில்லை, மழை வரவில்லை, ஜனங்கள் கை வலிக்கத் தட்டினார்கள். என் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு அந்தக் கச்சேரியில்தான் நடந்தது.

எனக்கு இந்த வேலையைப் பழக்கிவிட்டவர் எங்கள் குழுவின் பழைய முதலாளி. அவர் அடிக்கடி சொல்வார்: "கமிட்டிக்காரன் வாயத் தொறந்து கேக்கதுக்கு முந்தியே அவன் மனசுல இருக்கத நாம செஞ்சு வச்சிரணும். கேட்டுட்டான்னா நாம தோத்துட்டோம்னு அர்த்தம்." எனக்கு அது நன்றாகவே வந்தது. ஒருமுறை ஒரு ஊரில் மேடை போட்டுக்கொண்டிருந்தபோது, கமிட்டிச் செயலாளர் மொட்டைத் தலையோடு வந்து நின்றார். முகத்தில் களையே இல்லை. வீட்டில் யாரோ தவறியிருக்கிறார்கள் என்று புரிந்தது. யாரிடமும் கேட்காமல், முதல் ஒரு மணி நேரம் குத்துப் பாட்டே வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். கச்சேரி முடிந்ததும் அவர் வந்து, "எங்க அம்மா போய் இருபது நாளுதான் ஆகுது. உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு முழிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு, எதிரே நிற்பவர் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றே நம்பிவிட்டேன். அந்த நம்பிக்கைதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் குழுவில் நாலு வருடம் மெயின் பாடகனாக இருந்தவன் மசூது. முஸ்லிம்கள் நிறைந்த கடையநல்லூர்க்காரன். பகலில் அங்கே ஒரு செல்போன் கடையில் வேலை. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. அவன் அப்பா தறி நெய்தவர். மகன் மேடையேறிப் பாடுவது அவருக்குப் பிடிக்காது. வீட்டில் சண்டையெல்லாம் கிடையாது. மகன் கச்சேரிக்குக் கிளம்புகிற நேரத்தில் அவர் எழுந்து தொழுகைக்குப் போய்விடுவார், அவ்வளவுதான். மசூது அம்மன் பாட்டுப் பாடினால் முன்வரிசையில் சாமி வந்து ஆடுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பாடி முடித்ததும் சாதாரணமாக இறங்கிவந்து ஃபிளாஸ்க்கில் இருக்கிற சுக்குக் காப்பியைக் கேட்பான். தன்னைப் பற்றி எதுவும் பேச மாட்டான்.

மேலநீலிதநல்லூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். மானாவாரிப் பூமி, ஆட்டுக்கிடை போடுகிறவர்கள் அதிகம். அந்த ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுக்குக் கச்சேரி பேச மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். தலைவர் நெடுநெடுவென்று உயரம், அறுபது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். தேதி பேசி முடித்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"பாடுதது எந்த ஊர்ப் பையன்மா?"

"கடையநல்லூர், அண்ணாச்சி."

"கடையநல்லூரா..." என்று இழுத்தார். கூட வந்த இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நடந்தது அவ்வளவுதான். ஒரு இழுப்பு, ஒரு பார்வை. நான் அதைப் படித்துவிட்டேன்.

கொடைக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையிலிருந்து போன் வந்தது. மசூது மைக்கைப் பிடித்துச் சிரிக்கிற படத்தை ஏற்கனவே அனுப்பியிருந்தேன். "அக்கா, போட்டோ வந்துட்டு. பேரு என்னன்னு போட? இன்னும் அஞ்சு நிமிசத்துல பிரிண்டுக்குப் போகணும், பத்து மணிக்குக் கரண்ட எடுத்துருவான்" என்றான் கடைக்காரன். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த இழுப்பு காதில் விழுந்தது. அம்மன் கொடை. கோவில் வாசலில் எட்டடிக்கு ஃப்ளெக்ஸ் நிற்கும். யாராவது ஒருவர் ஏதாவது சொல்லி, கடைசி நேரத்தில் ஆளை மாற்று என்று வந்து நின்றால் மசூதுக்குத்தானே அவமானம்? அவனைக் காப்பாற்றுவதாகத்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். 'ம'வில் தொடங்குகிற ஒரு பேர் வாயில் வந்தது.

"மகேஷ்னு போட்டுரு."

"மகேஷா? சரிக்கா."

மசூதுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதைத்தான் செய்யவில்லை.

கொடையன்று மத்தியானம் வேனில் போகும்போதுதான் அவனிடம் சொன்னேன். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"மசூது, ஃப்ளெக்ஸ்ல உன் பேர மகேஷ்னு போட்டிருக்கு. கோயில் கொடைலா, உனக்குத் தெரியாததா. இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்."

வெளியே பார்த்தபடி, "அவங்க மாத்தச் சொன்னாங்களாக்கா?" என்று கேட்டான்.

"சொல்லலை. சொல்லிருவாங்கன்னு ஒரு இதுதான்."

"சரிக்கா" என்றான். அப்புறம் வேன் ஒரு இரண்டு கிலோமீட்டர் போயிருக்கும், அவனாகவே சொன்னான்: "இன்னைக்கு வாப்பா வாராங்க."

"எங்கன? கச்சேரிக்கா?"

"ஆமா. எங்க சாச்சா மவன் கல்யாணத்துல நான் பாடுனத யாரோ செல்லுல எடுத்து அவங்ககிட்ட போட்டுக் காட்டியிருக்காங்க. நேத்து சாப்பிடும்போது, நாளைக்கு எந்த ஊர்லன்னு கேட்டாங்க. பஸ்ல வாரேன்னாங்க."

நாலு வருடத்தில் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நான் சொன்னது, "போனப் போட்டு விஷயத்தச் சொல்லிருலே. கோவிச்சுக்கிட மாட்டாங்க" என்பது. அவன், "நான் பாத்துக்கிடுதேன்" என்றான். அவன் போனை எடுக்கவில்லை. எடுத்து என்னவென்று சொல்வான்?

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. கோவில் வாசலில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் நின்றது. மசூதின் சிரித்த முகம் அத்தனை பெரிதாக, அதன் கீழே மஞ்சள் எழுத்தில் அந்தப் பேர். அவன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பெட்டிகளை இறக்கப் போய்விட்டான்.

ஐந்து மணி வாக்கில் தலைவர் எங்களுக்கு டீ கொடுத்தனுப்பிவிட்டு அவரும் வந்தார். மேடையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"யம்மா, படத்துல அந்தக் கடையநல்லூர்த் தம்பி மாதிரிலா இருக்கு? பேரு மகேஷுன்னுலா போட்டிருக்கு."

"அவன்தான் அண்ணாச்சி. அது மேடைப் பேரு."

"மேடைப் பேரா? ராயகிரில எங்க மச்சினன் வீட்டுக் கல்யாணத்துல மசூதுன்னுதான் மைக்குல சொன்னாங்க. அன்னைக்கு அந்தத் தம்பி ஒரு அம்மன் பாட்டுப் பாடுச்சு பாருங்க, நான் சாப்பிடாம உக்காந்து கேட்டேன். அந்தத் தம்பிதான் வரணும்னுதான் நாங்க உங்ககிட்டயே வந்தோம். அன்னைக்கு உங்க வாசல்ல வச்சு ஊரக் கேட்டது எதுக்குன்னு நெனச்சீங்க?"

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நாங்க ஏதாச்சும் சொல்லிருவோம்னு மாத்துனீங்களோ?"

"சே, அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. அவனே வச்சுக்கிட்டதுதான்."

இந்தப் பொய்யை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன பிறகு திருத்திக்கொள்ள எனக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஃப்ளெக்ஸில் பேர் போட்டது அவசரத்தில் செய்த தப்பு. அவசரத்தில் எல்லோரும் தப்புச் செய்வோம். ஆனால் ஐந்து மணிக்கு எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஊர் எதுவும் கேட்கவில்லை, அவன் பேரைத்தான் எதிர்பார்க்கிறது என்று தெரிந்துவிட்டது. அவன் அப்பா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார் என்றும் தெரியும். ஃப்ளெக்ஸை மாற்ற நேரமில்லை, சரி. அறிவிப்பாளரைக் கூப்பிட்டு, "தம்பி, மைக்ல மசூதுன்னே சொல்லிரு" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லியிருந்தால் தலைவர் என்னைப் பார்த்திருப்பார். இந்தம்மா நம்மைப் பற்றி என்ன நினைத்து வைத்திருக்கிறாள், அதற்கு மேல் பொய்யும் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார். அந்த ஒரு பார்வைக்குப் பயந்தேன். வயர் சரியாக இருக்கிறதா, கீபோர்டுக்கு ஸ்டாண்டு வந்ததா என்று இல்லாத வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தேன்.

ஆறரைக்குக் கச்சேரி தொடங்கியது. "உங்கள் அபிமானப் பாடகர்... மகேஷ்!" என்றான் அறிவிப்பாளர். மசூது மேடையின் ஓரத்தில் நின்றிருந்தான். பேரைச் சொன்ன பிறகும் ஒரு நொடி அவன் அசையவில்லை. அவனைத்தான் கூப்பிட்டார்கள் என்று அவனுக்கு உறைக்க ஒரு நொடி ஆனது. அப்புறம் நடுவில் வந்து கும்பிட்டான். கும்பிட்டு நிமிர்ந்தவன் பார்வை கூட்டத்துக்குப் பின்னால் எங்கேயோ போய் நின்றது. இசை ஆரம்பித்து, அவன் எடுக்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது. கீபோர்டுக்காரன் சமாளித்து இன்னொரு சுற்றுப் போனான். அதற்குப் பிறகு மசூது பாடினான். என்ன சொல்ல, அப்படி அவன் பாடி அதற்கு முன் நான் கேட்டதில்லை. தலைவர் முன்வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

இடைவேளையில் தலைவர்தான் என்னிடம் வந்து சொன்னார். "ஒரு பெரியவர், தொப்பி போட்டவர், வேட்டி சட்டையில ஃப்ளெக்ஸுக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னாரு. வாங்க பாய், சேர் இருக்கு, உக்காருங்கன்னு கூப்பிட்டேன். பாட்டு ஆரம்பிக்கட்டும்னு சொன்னாரு. அந்த அறிவிப்பு வந்ததும், பஸ்ஸுக்கு நேரமாயிட்டுன்னு கெளம்பிட்டாரு. தம்பிக்கு வேண்டியவரோ?"

தெரியவில்லை என்றேன். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

அந்த வாரம் மசூது ரிகர்சலுக்கு வரவில்லை. போனை எடுத்து, உடம்பு சரியில்லை என்றான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். நான் கடையநல்லூருக்குப் பஸ் ஏறினேன். அவன் வீடு ஒரு சந்துக்குள். காலை பதினொரு மணி. மசூது கடைக்குப் போயிருந்தான். அவன் மனைவி உள்ளே உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். அவன் அப்பா வந்து எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். மெலிந்த மனிதர், குரல் மெதுவானது.

வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். பேரை மாற்றியது நான், மசூதுக்குத் தெரியாமல் செய்தது, அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

"அவனும் சொன்னான்மா, நீங்க பண்ணுனதுன்னு. எப்ப தெரியும்னு கேட்டேன். வேன்ல வச்சுத் தெரியும்னான். நீ என்ன சொன்னேன்னு கேட்டேன். சரின்னு சொன்னேன்னான்."

அவரே தொடர்ந்து சொன்னார்.

"மசூதுங்கது எங்க வாப்பா பேரு. அவுக மவுத்தாகி அடக்கம் பண்ணுன மறுமாசம் இவன் பொறந்தான். நான்தான் வச்சேன். பாடக்கூடாதுன்னு நான் அவன ஒருநாளும் சொன்னதில்ல. எனக்குப் புடிக்கலை, அவ்வளவுதான். அன்னைக்கு ரெண்டு பஸ் மாறி வந்தேன்."

"அவனுக்கு வேற வழியில்ல பாய். நான் அக்கா முறையில இருந்துக்கிட்டுச் சொல்லும்போது அவன் எப்படி மாட்டேம்பான்?"

"இருக்கலாம்" என்றார். டீ டம்ளரை நகர்த்தி வைத்தார். "அன்னைக்கு நல்லாப் பாடுனானாம்மா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லாப் பாடுனான்."

"நான் கேக்கலியே" என்றார்.

வாசல் வரைக்கும் வந்து, பஸ் ஸ்டாப்புக்கு எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். என்னைத் திட்டியிருந்தால் பஸ்ஸில் அழாமல் வந்திருப்பேன்.

மசூது எங்கள் குழுவில் மட்டுமில்லை, வேறு எந்தக் குழுவிலும் பாடவில்லை. ஆறு மாதத்தில் கத்தாருக்குப் போய்விட்டான். அந்தச் சந்தில் பாதி வீடுகளில் ஒருவராவது வளைகுடாவில் இருக்கிறார்கள், அதனால் அவன் போனது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. எப்படியும் போயிருப்பான் என்று நானே சில நாள் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். போயிருக்கலாம். ஆனால் அவன் அப்பா ஒரு தடவையாவது அவன் பாடி நேரில் கேட்டிருப்பார். அவன் போய் அடுத்த ரமலான் வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். செய்தியே எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் வந்தது.

இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் எல்லாம் போனிலேயே வேலையை முடிக்கிறவர்கள், என்னைவிட வேகமானவர்கள். வேகம் தப்பில்லை. ஆனால் இந்தத் தொழிலில் நாம் நடுவில் நிற்கிற ஆள். ஊர் வாய் திறப்பதற்குள் ஊருக்காக நாமே பேசிவிடுகிறோம். கலைஞன் பதில் சொல்வதற்குள் அவனுக்காக நாமே ஒத்துக்கொள்கிறோம். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே, நாம் மனசுக்குள் கட்டிய சண்டை ஒன்று நடந்து முடிந்துவிடுகிறது. என் முதலாளி சொன்னதை நான் குறை சொல்ல மாட்டேன். துக்க வீட்டுக்காரரின் முகத்தைப் படிக்க அது உதவியது. ஆனால் ஒரு மனுஷனின் பேர், அவன் ஊர், அவன் சாதி, அவன் சாமி, இந்த விஷயத்தில் எதிரே இருப்பவர் மனசைப் படித்துவிட்டதாக உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் படித்தது உங்கள் மனசாகவும் இருக்கலாம். வாய்விட்டுக் கேளுங்கள். ஒருவேளை கமிட்டி நிஜமாகவே அசிங்கமாக ஏதாவது சொன்னால், அதைச் சொன்னது அவர்கள் என்றாவது இருக்கும். அப்போது அந்தக் கச்சேரி வேண்டுமா வேண்டாமா என்பதைப் பாடுகிறவன் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று. உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிற ஒருவர் "சரிக்கா" என்று சொன்னால், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு "சரி"யை வைத்துத்தான் அவன் அப்பா அவனை எடைபோட்டார்.

மறுவருடம் கொடைக்கு அந்தத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். தேதி சொல்லிவிட்டு, "யம்மா, இந்த வருசம் மசூது தம்பி பேர நாங்களே பெருசா போட்டு ஃப்ளெக்ஸ் அடிக்கோம். ஊர்ல எல்லாரும் அந்தத் தம்பியத்தான் கேக்காங்க. நீங்க கூட்டிட்டு மட்டும் வாங்க" என்றார். அவருக்கு எல்லாம் எப்போதோ புரிந்திருக்கிறது. எதையும் குத்திக் காட்டாமல் சொன்னார். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான், கேட்டுச் சொல்லுகிறேன் என்றேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, அங்கே அவனுக்கு லீவு. மத்தியானம் போன் போட்டேன். உடனே எடுத்தான். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்ததைச் சொன்னான். நான் அவன் அப்பாவுக்காக வருத்தம் சொன்னேன், "ஆமாக்கா" என்றான். பிறகு அந்த ஊர்க்காரர்கள் கூப்பிடுவதைச் சொன்னேன். ஒருநாள் கச்சேரிதான், லீவில் வருகிற சமயமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம், தலைவர் தேதியைக்கூடத் தள்ளிப் போடுவார் என்றெல்லாம் சொன்னேன்.

"என்ன பேரு சொல்லிக்கா கேட்டாங்க?" என்றான்.

"உன் பேரத்தான் சொன்னாங்க. மசூதுன்னு."

"லீவு கெடைக்காதுக்கா" என்றான்.